மதச்சார்பற்ற மாதா

மாதா வேடத்துக்கு, பள்ளியில் சேர்க்கப்படாத பெண்பிள்ளை ஒன்று தேவைப்பட்டது.

சேர்ந்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களைத் தொட முடியாது. மாணவி எவளையும் கர்ப்பிணியாகக் காட்டக் கூடாது என்று கல்வித் துறையின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவு அக்டோபரில் சுற்றறிக்கை விட்டிருந்தது. பிள்ளைகளுக்கு மெக்சிகோவின் பண்டிகை மரபுகளைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று மரபுப் பிரிவு நவம்பரில் சுற்றறிக்கை விட்டிருந்தது. இரண்டு பிரிவும் ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில் இருந்தன. ஒருவர் கதவைத் திறந்தால் இன்னொருவர் கதவில் இடிக்கும். அதனால் இருவரும் திறப்பதில்லை.

நிறைமாத மாதா இல்லாமல் டிசம்பரில் பொசாதா நடத்த முடியாது. மாதாவும் சூசையப்பரும் வாசல் வாசலாகப் போய்த் தங்க இடம் கேட்பார்கள். உள்ளே இருப்பவர்கள் பாட்டிலேயே இல்லை என்பார்கள். கடைசியில் கதவு திறக்கும். எல்லாரும் உள்ளே போய்ப் பின்யாத்தா பொம்மையை அடித்து உடைத்து, உதிர்வதைப் பொறுக்கிக்கொண்டு, சுடச்சுடப் பழப் பானம் குடித்துவிட்டு வீடு திரும்புவார்கள். தொலூக்கா நகரில் இது தெருநாய்க்குக்கூடத் தெரியும். தெரிந்திருப்பது வேறு, கற்பிக்கப்படுவது வேறு என்பது மரபுப் பிரிவின் கருத்து.

ஹசிந்தோவின் மகள் யாரெத்சிக்கு எட்டு வயது. மலையிலிருந்த ஊரில் இருக்க முடியாமல் போய், ஜூலையில் அவர்கள் தொலூக்காவின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரை விட்டு ஏன் வந்தீர்கள் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லவேண்டி வரும், சொன்னால் கேட்டவருக்கும் தூக்கம் போகும். அவனுக்கு ஒரு சொரிசோ ஆலையில் இரவு வேலை கிடைத்தது. அரைத்த பன்றிக்கறியில் பச்சை மிளகாயும் வினிகரும் கலந்து குடலில் அடைக்கிற வேலை. காலையில் ஆலையிலிருந்து நேராகப் பள்ளி வாசலுக்கு வந்து நிற்பான். ஆகஸ்டிலிருந்து அப்படித்தான் நிற்கிறான்.

தலைமையாசிரியை எத்தெல்வினா கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவாள். வினிகர் நாற்றம் அவளுக்கு ஆகாது.

"பழைய ஸ்கூல் ஹெட்மாஸ்டர் கையெழுத்து இல்லாம சேக்க முடியாதுன்னு எத்தனை தடவ சொல்றது?"

"அந்த ஸ்கூலே இல்ல டீச்சரம்மா. ஹெட்மாஸ்டரும் எங்களோடயே ஓடி வந்துட்டாரு. எங்க போனாருன்னு தெரியல."

"அப்போ அவர் அங்க இல்லைன்னு அவரே எழுதிக் குடுக்கணும்."

இந்தப் பேச்சு செப்டம்பரிலும் நடந்தது, அக்டோபரிலும் நடந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் மட்டும் எத்தெல்வினா கதவை ஒரு விரற்கடை திறந்தாள்.

"உம் பொண்ணுக்குப் பாட வருமா?"

"சர்ச்சுல பாடுவா."

"சர்ச்சுங்கற வார்த்தைய இங்க பேசாதே. இது அரசுப் பள்ளிக்கூடம். பொசாதாவுக்கு ஒரு பிள்ள வேணும். எங்க பிள்ளைங்கள நிறுத்த முடியாது, சட்டம் இருக்கு. உம் பொண்ணுதான் சேரலயே, அவளுக்குச் சட்டம் கிடையாது. பெரிய சார் வருவாரு. பாடி முடிச்சதும் நேரா அவர்கிட்டயே கேளு."

நாலு மாதத்தில் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. ஹசிந்தோ வீட்டுக்குப் போய் மனைவி ஒலிவாவிடம் சொன்னான். அவள் தோர்த்தியா என்கிற சோள ரொட்டி சுடும் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்திருந்தாள்.

"சேக்காததுனாலதான் கூப்புடறாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நடிச்சு முடிச்சா சேப்பாங்களா?"

"கேக்கலாம்னு சொன்னாங்க."

"கேக்கறதுக்கு நமக்கு என்ன புதுசு," என்றாள் ஒலிவா. மாதாவுக்கு நீலத் துண்டு வேண்டும் என்று தன் மேல்துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஒத்திகைக்கு மரபுப் பிரிவின் வட்டார மேற்பார்வையாளர் புல்மாரோ வந்தார். கம்பிக் கதவுக்கு வெளியே நடைபாதையிலேயே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். யாரெத்சியை மேலும் கீழும் பார்த்தார்.

"வயிறு ஏன் சதுரமா இருக்கு?"

"ஸ்கூல் பை சார்," என்றாள் யாரெத்சி. "தலகாணி ஒண்ணுதான் இருக்கு. அப்பா பகல்ல தூங்கணும்." ஆகஸ்டில் வாங்கிய பை. அதற்குள் ஒன்றும் இல்லை, அதனால் பழைய துணியை அடைத்திருந்தாள்.

"பரவாயில்ல. வட்டமா இருந்தாத்தான் எதிர் அறைக்காரங்க கேள்வி கேப்பாங்க. சதுரமா இருந்தா கர்ப்பம்னு நிரூபிக்க முடியாது." அவர் ஹசிந்தோ பக்கம் திரும்பினார். "சேராத பிள்ள தனியா நிக்கக் கூடாது, கூடப் பெரியவங்க இருக்கணும். நீங்களே சூசையப்பர். ஆனா அந்தப் பேர் வேண்டாம். அவ பயணி ஒன்று, நீங்க பயணி இரண்டு. அரசுப் பள்ளி மதச்சார்பில்லாதது. கடவுள் உள்ள வரக் கூடாது."

"அவங்க வெளியதானே சார் நிக்கிறாங்க?" என்றான் ஹசிந்தோ. கிண்டலாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்டான்.

புல்மாரோ அதை ஒரு கணம் யோசித்தார். "அதுதான் இந்த மரபோட அழகு," என்றார்.

பாட்டும் புதிது. பழைய பாட்டில் உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவரைத் திருடன் என்று சந்தேகப்படுவார். அது பிள்ளைகள் மனதைப் புண்படுத்தும் என்று மரபுப் பிரிவு ஒரு குழு போட்டு, பழைய மெட்டுக்குப் புதிய வரிகள் எழுதியிருந்தது. கடவுளும் விண்ணுலகமும் நீங்கியிருந்தன. வெளியே நிற்பவர்கள் பாட வேண்டியது:

நடப்பிலுள்ள சட்டங்களின் பேராலே கேட்கிறோம்,
நடக்கமாட்டாப் பயணிக்கு நல்லதோர் இடம் தாரும்.

உள்ளே இருந்து பிள்ளைகள் பாட வேண்டியது:

உங்கள் வருகை மதிக்கிறோம், உள்ளபடி மகிழ்கிறோம்,
இங்கே இடம் இப்போதில்லை, இன்னொரு நாள் வாருங்கள்.

முன்பு மூன்று முறை மறுத்தால் போதும். மனதில் பதிய வேண்டும் என்பதற்காக ஒன்பது முறையாக்கியிருந்தார்கள்.

இரவில் நடக்க வேண்டிய பொசாதா, பள்ளி நேரத்தை ஒட்டிக் காலை பதினொரு மணி வெயிலில் நடந்தது. மெழுகுவர்த்தி நெருப்பு என்பதால் பேட்டரி விளக்கு. பஞ்சுத் தாடியை ஒட்டிக்கொண்டு ஹசிந்தோ வாசலில் நின்றான். ராத்திரி முழுக்கக் குடல் அடைத்த கை. தாடியிலிருந்து வந்த வினிகர் வாசம் அவனுக்கே மூக்கில் ஏறியது. அவன் கேட்டான். உள்ளே பிள்ளைகள் மறுத்தார்கள். நன்றாக மறுத்தார்கள். உச்சரிப்புக்குத் தனி மதிப்பெண் என்பதால் ஆசிரியைகள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'இப்போதில்லை' என்ற இடத்தில் அழுத்தம் போதாதவர்களை மறுபடி பாடச் சொன்னார்கள்.

பாட்டின் நடுவில் யாரெத்சி அவன் சட்டையை இழுத்தாள்.

"ப்பா, இவங்க இப்ப சொல்றதும் டீச்சரம்மா ஆகஸ்டுல சொன்னதும் ஒண்ணுதான். அப்ப ராகம் இல்ல."

"பாடு," என்றான் ஹசிந்தோ.

ஒன்பதாவது மறுப்பு முடிந்தது. கதவு திறக்க வேண்டிய நேரம். திறக்கவில்லை. உள்ளே கைதட்டினார்கள். ஹசிந்தோ கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், கடைசில கதவத் திறக்கணுமே," என்று மெதுவாகக் கேட்டான்.

புல்மாரோ ஒலிபெருக்கியில் பதில் சொன்னார். அவருக்கு அதில்லாமல் பேச வராது.

"அருமையான கேள்வி. பிள்ளைகளே, கவனிங்க. நம்ம மெக்சிகோ மரபு என்ன? விருந்தோம்பல். விருந்தோம்பலுக்கு முதல் தேவை என்ன? விருந்தாளி. விருந்தாளின்னா யாரு? வெளியில நிக்கறவர். கதவத் திறந்து உள்ள விட்டுட்டா அவர் விருந்தாளி இல்ல, ஆக்கிரமிப்பாளர். அப்பறம் யாரை உபசரிப்போம்? அதுமட்டுமில்ல, பள்ளி வேளையில சேராத பிள்ளை உள்ள வந்து கால் தடுக்கி விழுந்தா காப்பீடு கிடையாது. இந்தக் கதவு மூடியிருக்கறது அந்தக் குழந்தை மேல நமக்கு இருக்கிற அக்கறை. எல்லாரும் அந்த அக்கறைக்கு ஒரு கை தட்டுங்க."

தட்டினார்கள்.

பிறகு பின்யாத்தாவை உயரே கட்டினார்கள். ஏழு கொம்பு வைத்த பெரிய காகித நட்சத்திரம். ஏழு கொம்பும் ஏழு பாவம் என்பது பழைய கணக்கு. பாவம் மதத்தைச் சேர்ந்தது. அதனால் மரபுப் பிரிவு ஒவ்வொரு கொம்பிலும் ஒரு குடிமைப் பண்பை எழுதி ஒட்டியிருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாக வந்து தடியால் அடித்தது. ஒற்றுமை முதல் அடியிலேயே விழுந்தது. சகிப்புத்தன்மையைத் தட்டிவிட நாலு பேர் தேவைப்பட்டார்கள். நேர்மை மட்டும் கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருந்தது. பையன்கள் "அடி, அடி, நேர்மைய அடி" என்று கத்தினார்கள். ஆசிரியை ஒருத்தி அதைப் புகைப்படம் எடுத்தாள். பொம்மை உடைந்து, மிட்டாய்க்குத் தடை இருப்பதால், பல் துலக்கும் முறை பற்றிய துண்டுத் தாள்கள் கொட்டின. வழக்கம் விடாமல் பிள்ளைகள் அதற்கும் விழுந்தடித்துப் பொறுக்கினார்கள்.

பயணிகளுக்குப் பழப் பானம் கம்பி வழியாக நீட்டப்பட்டது. கோப்பை கம்பிக்குள் நுழையவில்லை. எத்தெல்வினா சாய்த்து ஊற்ற, யாரெத்சி வாயை வைத்துக் குடித்தாள். நீலத் துண்டு நனைந்தது.

ஹசிந்தோ தாடியைக் கழற்றாமலேயே புல்மாரோவிடம் இடம் கேட்டான்.

"கேக்கற விதம் அபாரம்," என்றார் புல்மாரோ. "நானும் இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன், இப்படி ஒரு இயல்பான கேட்டல் பாத்ததில்ல. பாப்போம். வட்டாரத்துல இன்னும் எட்டு பள்ளி இருக்கு. பொசாதான்னா ஒன்பது ராத்திரிதானே? மத்ததையும் முடிச்சுருங்க. முடிஞ்சதும் பேசலாம்."

அப்படி ஒன்பது பள்ளி ஆயிற்று. ஆலையில் மணி அடித்ததும் ஹசிந்தோ முகத்தைக் கழுவிக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறுவான். உட்கார்ந்ததும் தூங்கிவிடுவான். நிறுத்தம் வந்தால் யாரெத்சி முழங்கையால் இடிப்பாள். இறங்கினால் ஒரு கம்பிக் கதவு இருக்கும்.

எந்தப் பள்ளியும் இன்னொரு பள்ளிக்குச் சளைக்கவில்லை. மறுப்பில் புதுமை செய்தால் பரிசு என்று சொல்லியிருந்தார்கள். ஒரு பள்ளியில் பயணிகளுக்கு டோக்கன் கொடுத்தார்கள். அவர்கள் எண் வந்தபோது சாப்பாட்டு இடைவேளை. இன்னொன்றில் மூன்று சன்னல் வைத்து, ஒவ்வொரு சன்னலிலும் ஒரு பிள்ளை உட்கார்ந்து, பக்கத்துச் சன்னலுக்குப் போகச் சொல்லிப் பாடியது. மூன்றாவது சன்னல் அவர்களை முதல் சன்னலுக்கு அனுப்பியது. பெற்றோர் அழுதுவிட்டார்கள், அத்தனை தத்ரூபம். ஊருக்கு வெளியே இருந்த பள்ளியில் கதவு கிடையாது, சுவரும் கிடையாது, சோளக்கொல்லை நடுவில் நாலு அறை மட்டும். மறுப்பதற்கென்று ஒரு கதவை லாரியில் கொண்டுவந்து நட்டிருந்தார்கள். ஹசிந்தோ தூக்கக் கலக்கத்தில் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நாலு பேர் பிடித்து மரியாதையாகத் திரும்ப வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்கள். "கதவு வழியா மறுக்கப்படணும் ஐயா," என்றார் அந்த ஊர் ஆசிரியர். "குறுக்கு வழி கூடாது."

நான்காவதோ ஐந்தாவதோ பள்ளிக்குப் பிறகு ஹசிந்தோவுக்கு எதுவும் உறைக்கவில்லை. கேட்பான், மறுப்பார்கள், பேருந்து வரும். ராத்திரி குடல் வரும். கறியை உள்ளே தள்ளினால் அது போகிறது என்பது மட்டும் அவனுக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.

யாரெத்சி மாறிக்கொண்டிருந்தாள். பேருந்தில் முணுமுணுக்கும்போது அவள் தன் வரியைப் பாடவில்லை. உள்ளே இருப்பவர்கள் வரியைப் பாடினாள். அதுதான் நீளம், அதில்தான் மெட்டு மேலே ஏறுகிறது என்றாள்.

எட்டாவது பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். மீதி இருந்தவர்கள் ஆறாவது மறுப்பில் வரியை மறந்து நின்றுவிட்டார்கள். ஆசிரியைக்கும் ஞாபகம் வரவில்லை. எல்லாரும் விழித்துக்கொண்டிருக்க, கதவுக்கு வெளியிலிருந்து யாரெத்சி கணீரென்று எடுத்துக் கொடுத்தாள்:

"மனமிருக்கு எங்களுக்கு, மார்க்கம் மட்டும் இல்லையே..."

பிள்ளைகள் பற்றிக்கொண்டார்கள். ஏழாவதிலும் தடுமாறினார்கள். அவளே எடுத்துக் கொடுத்தாள். எட்டாவதில் ஒரு பிள்ளை வேகமாகப் பாட, நிறுத்தித் திருத்தினாள். "'இல்லை'ல இழுக்கணும்," என்றாள்.

நாற்காலியில் சாய்ந்திருந்த புல்மாரோ எழுந்து நின்றார். ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். "இந்தப் பிள்ள உள்ள இருக்க வேண்டியவ," என்றார்.

ஒன்பதாவது பள்ளி முடிந்ததும் அவர் ஹசிந்தோவைக் காருக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கையெழுத்து நான் பாத்துக்கறேன். திங்கக்கிழமை உங்க பொண்ணு எத்தெல்வினா ஸ்கூல்ல சேருது. ஒரே ஒரு சிக்கல். வெள்ளிக்கிழமை வட்டார விழா, தலைநகர்லேருந்து ஆளுங்க வராங்க. உங்க பொண்ணு சேந்துட்டா அவ மாணவி. மாணவிக்கு வயிறு கட்ட முடியாது. அப்போ பயணி ஒன்று யாரு?"

ஹசிந்தோ தாடியைக் கழற்றினான்.

"உங்க ஆளுங்க இங்க நிறைய பேர் வந்திருக்காங்களாமே. சேராத பிள்ள ஒண்ணு, கூட ஒரு பெரியவங்க. கிடைக்கலைன்னா பரவாயில்ல. பொண்ணு இப்படியே இருக்கட்டும், வர்ற ஆகஸ்டுல பாக்கலாம்."

"இருக்காங்க சார்," என்றான் ஹசிந்தோ.

அவன் வீட்டுக்குப் பக்கத்து அறையில் எர்மிலா இருந்தாள். அதே மலை, வேறு ஊர். சோள மாவை இலையில் மடித்துப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் தமாலே அவித்துப் பேருந்து நிறுத்தத்தில் விற்பவள். அவள் மகள் கிசெலாவுக்கு ஏழு வயது, எந்தப் பள்ளியிலும் இல்லை. ஹசிந்தோ போனபோது எர்மிலா சோள இலைகளை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாட்டுப் பாடணும், அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"என்ன பாட்டு, வெளியில நின்னு எடம் கேக்கறதா? அதத்தான் மார்ச்லேருந்து பண்ணிட்டிருக்கேன். இப்பத் தாடி வச்சுக்கிட்டுக் கேக்கணுமா?"

"ஆமா. புருஷன் வேஷம்."

எர்மிலா சிரித்தாள். "எம் புருஷனே அந்த வேஷத்த ஒழுங்காப் போடல." இலையைப் பிழிந்து அடுக்கினாள். "கதவத் திறப்பாங்களா?"

"யாரெத்சி திங்கக்கிழமை உள்ள போறா."

"நெசமாவா?"

"நெசமா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "சொல்லவே இல்லையே, ராஸ்கல்! ஒலிவாவுக்கு எப்படி இருக்கும்! கிசெலா, ஏய் கிசெலா, இங்க வா, உனக்கு வேஷம் கட்டப் போறாங்க!" அவித்த தமாலே இரண்டை இலையோடு அவன் கையில் திணித்தாள். அவள் கேட்டதற்கும் அவன் சொன்னதற்கும் சம்பந்தமில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான். தமாலே சூடாக இருந்தது. நடந்துகொண்டே தின்றான்.

திங்கட்கிழமை யாரெத்சி உள்ளே போனாள். வயிற்றில் கட்டியிருந்த பையை முதுகில் மாட்டியிருந்தாள். நாலு மாதம் பூட்டிக் கிடந்த கதவு அவளுக்கு எண்ணெய் போட்டது மாதிரி திறந்தது. ஒலிவா வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாள். சாயங்காலம் யாரெத்சி வந்து, கணக்கு வகுப்பு இல்லை, வாரம் முழுக்கப் பாட்டு ஒத்திகைதான் என்றாள். அவளை முதல் வரிசையில் நடுவில் நிறுத்தியிருந்தார்களாம்.

வெள்ளிக்கிழமை ஹசிந்தோவும் உள்ளே இருந்தான். மாணவியின் தகப்பன் என்பதால் நெஞ்சில் ஓர் அட்டை குத்தி, மற்றப் பெற்றோரோடு படியில் நிற்க வைத்திருந்தார்கள். கையில் பாட்டுத் தாள். உள்ளேயிருந்து பார்க்கும்போது கதவு சின்னதாகத் தெரிந்தது. தலைநகரிலிருந்து வந்தவர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். புல்மாரோ அவர்களிடம், "இந்த வருஷத்தோட சாதனை, வெளியிலிருந்தவங்களையே மரபுக்குள்ள கொண்டுவந்தது," என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் எர்மிலா வந்து நின்றாள். பஞ்சுத் தாடி. விற்பனையை விட்டுவிட்டு வந்திருந்தாள். இருந்ததிலேயே நல்ல செருப்பு போட்டிருந்தாள். கிசெலாவின் வயிற்றில் தலையணை. அது ஒரு பக்கம் சரிய, பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எர்மிலா உள்ளே ஹசிந்தோவைத் தேடிக் கண்டுபிடித்துக் கையாட்டினாள்.

அவர்கள் கேட்டார்கள். கிசெலாவுக்குக் குரல் எழும்பவில்லை. எர்மிலாதான் சத்தமாகப் பாடினாள், சந்தையில் கூவுகிற குரலில்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. நூறு பிள்ளைகள் பாடினாலும் ஒரு குரல்தான் மேலே நின்றது. ஒவ்வொரு சொல்லும் தெளிவு. 'உள்ளபடி மகிழ்கிறோம்' என்ற இடத்தில் தலையைக் கொஞ்சம் சாய்த்து, 'இல்லை'யில் இழுத்து, எங்கும் பிசிறில்லாமல் யாரெத்சி மறுத்தாள். தலைநகர்க்காரர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒன்பதும் முடிந்தது. எர்மிலா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே கைதட்டல் எழுந்து அடங்கியது. அவள் இன்னும் நின்றாள். பிறகு தாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, கம்பிகளின் நடுவே ஹசிந்தோவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

"உம் பொண்ணுக்கு நல்ல குரல், ஹசிந்தோ," என்றாள்.

தலைநகர்க்காரர்களுக்காகக் கடைசியில் பத்தாவது மறுப்பாக ஓர் அடி சேர்த்திருந்தார்கள். அது பெற்றோர் பாட வேண்டியது. பக்கத்தில் நின்றவர் தாளில் விரலை வைத்து இடத்தைக் காட்டினார். ஹசிந்தோ பாடினான்.